கானில் பெற்றோல் தரப்படமாட்டாது

எங்கள் சனசமூக நிலையம் இந்த வருடம் மலர் வெளியிடுகிறது. ஊரில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று முடிவாம். பள்ளிக்கூட அதிபர் கொடுத்துவிட்டார். தபால் அதிபரும் கொடுத்துவிட்டார். பிறகு செயலாளர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. இணுவிலில், மெயின் றோட்டில் உள்ள பெற்றோல் செட்டில் முப்பத்தொரு வருடம் குழாய் பிடித்தேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கியூக் காலத்தை எழுதுங்கோ யோகண்ணை. நாங்கள் எல்லாரும் கியூவிலை நிண்டனாங்கள். மற்றப் பக்கத்தாலை நிண்டு பாத்தது நீங்கள்தானே" என்றார்.

அது சரியாகப் பட்டது. எழுதுகிறேன்.

வேலை பழகினதைச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் கூட்டினேன், கழுவினேன். இரண்டாம் வருடம் குழாயைத் தந்தார்கள். குழாயைத் தொட்டியின் வாயில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கடைசிச் சொட்டு விழுமுன் எடுக்கக் கூடாது. கதைத்துக்கொண்டு அடிக்கக் கூடாது. இவ்வளவுதான். மூன்றாவதால்தான் நான் பேச்சுக் குறைந்த ஆள் ஆனேன் என்று மனிசி சொல்லுவாள்.

எங்கள் மனேச்சர் குலசிங்கம் ஐயா. மெலிந்த ஆள். வெள்ளைச் சேட்டு, காதில் பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாரையும் 'நீங்கள்' என்பார். செட்டுக்குள் படுக்கிற நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்கோ" என்றுதான் சொல்லுவார். நாயும் தள்ளும். ஒரு விசயம் கேட்டால் அவரிடம் இரண்டு பதில்தான். "பாப்பம்" என்றால் இல்லை. "கொஞ்சம் இருங்கோ" என்றால் ஓம். தெரியாதவர்கள் "பாப்பம்" என்றதைக் கேட்டுச் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள்.

போன மாதம் செட்டுக்குப் போனேன். நிலத்துக்குக் கீழே தாங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று இப்போது கந்தோர் அறைக்குள் ஒரு திரை காட்டுகிறது. அங்கே நிற்கிறவர்கள், முந்தி எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார்கள். கோல் விட்டு அளந்தோம். பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வந்ததும் ஐயா உடனே இறக்க விடமாட்டார். குலுங்கி வந்தது அரை மணித்தியாலம் அடங்க வேண்டும். பூட்டிலுள்ள முத்திரையின் இலக்கத்தை நான் வாசிப்பேன், அவர் கடதாசியில் பார்ப்பார். பிறகு அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். அதன் பிறகு கோலின் நுனியில் பசை பூசிப் பவுசருக்குள்ளும் தாங்கிக்குள்ளும் விடுவோம். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். கோல் அடியில் முட்டியதும் எடுத்துவிட வேண்டும். ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். பெற்றோல் கண் சிமிட்டுமுன் காய்ந்துவிடும். ஐயா இதை மூன்று தரம் செய்வார். கியூ மூன்று மைலுக்கு நின்ற நாளிலும் மூன்று தரம்தான்.

"ஐயா கோலை விட்டு மீன் பிடிக்கிறாரோ?" என்று ஓட்டோக்காரன் காந்தன் ஒருநாள் கத்தினான்.

"இண்டைக்கு மீன் குறைவு தம்பி" என்றார் ஐயா, கோலைவிட்டுக் கண் எடுக்காமல்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் அது. கப்பல் வந்து கடலில் நிற்குமாம், காசு கட்டினால்தான் இறக்குமாம். எங்களுக்குப் பவுசர் கிழமைக்கு ஒன்று வந்தால் பெரிது. பெற்றோல் மட்டுமா? காஸ் இல்லை, பால்மா இல்லை. பாணுக்கும் வரிசை. ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் மூன்று பேர் மூன்று கியூவில் நிற்பார்கள். தகப்பன் எங்கள் செட்டில், தாய் காஸ் கடையில், மூத்த பிள்ளை பேக்கரியில். கடைசி ஆள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மூன்று இடத்துக்கும் ஓடும்.

எல்லாம் அழுகை என்று நினைக்க வேண்டாம். கியூவில் கரம் போட் விளையாட்டு நடந்தது. ஒரு வாத்தியார் கார்ப் பொனற்றில் வைத்துச் சோதனைத் தாள் திருத்தினார். பதினாலு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இரண்டாம் நாள்தான் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டார்கள். புருசனுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு பிள்ளை, காருக்குள் பக்கத்தில் ஏறி இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது: "கலியாணம் கட்டினதுக்குப் பிறகு இவ்வளவு நேரம் நீங்கள் என்னோடை இருந்தது இப்பத்தான்." அவர் சொன்னார்: "ஓம், ஓட வழியில்லைத்தானே."

என் வீட்டிலும் மாறியது. சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போன மகன் சைக்கிள் உழக்கத் தொடங்கினான். இரண்டு மாதத்தில் அவனுடைய காற்சட்டைகளுக்கு இடுப்புப் பிடிக்க வேண்டி வந்தது. பால் தேத்தண்ணி நின்றது. வெறும் தேத்தண்ணி, கடிக்கப் பனங்கட்டித் துண்டு. மனிசி மூன்று கல் வைத்து விறகில் சமைத்தாள். விறகடுப்பில் இறக்கின புட்டு ருசி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப இனிக் காஸ் வந்தாலும் விறகு கொத்துறது நீங்கள்தான்" என்றாள். இன்றைக்கும் கொத்துகிறேன்.

அந்த வருடம் எனக்குப் புதுச் சொந்தக்காரர் நிறையப் பேர் கிடைத்தார்கள். பின் கதவால் ஒரு லீற்றர் கேட்டார்கள். நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. என் மகனும் கியூவில்தான் நின்றான். "ஊரிலை எல்லாற்றை மனுசன்மாரும் பெற்றோலோடை வருகினம். எனக்குப் பெற்றோல் மணம் மட்டும் வருது" என்பாள் மனிசி.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. 'கானில் பெற்றோல் தரப்படமாட்டாது' என்று நானே மட்டையில் எழுதித் தூணில் கட்டினேன். காரணம் இருந்தது. சிலர் ஐந்து லீற்றர்ப் பிளாஸ்டிக் கான்களில் வாங்கிப்போய்க் கறுப்பில் விற்றார்கள். ஆகவே வாகனத்தின் தொட்டிக்கு மட்டும்தான் அடிக்கலாம். தோட்டக்காரர் மிசின் கொண்டுவந்தால் மிசின் தொட்டிக்கு மூன்று லீற்றர்.

மிசின் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறது. கானில் தரமாட்டோம் என்றதும் எங்கள் ஆட்கள் மிசினையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். சைக்கிள் கரியரில் கட்டி வந்தார்கள், தள்ளுவண்டியில் வைத்து வந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் உரப்பையில் இட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கியூவில் கார், ஓட்டோ, இறைப்பு மிசின், கார், மிசின் என்று மாறி மாறி நின்றது.

அப்போதுதான் சுகந்தி வந்தாள். உடுவில் பக்கம். நாற்பது வயது இருக்கும். முதல் நாள் கானோடு வந்தாள். மட்டையைக் காட்டினேன்.

"வாசிச்சனான் அண்ணை. எங்கடை மிசினைக் கழட்டேலாது. சீமெந்திலை இறுகிக் கிடக்கு."

"ஆர் அப்பிடிச் செய்தது?"

"என்ரை மனுசன்தான். அவர் மேசன். கள்ளர் கழட்டுவாங்கள் எண்டு போல்ட்டுக்கு மேலாலையும் பூசிவிட்டவர். வடிவாத்தான் பூசியிருக்கிறார்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். பிறகு மற்றதைச் சொன்னாள். சீமெந்து விலை ஏறி வீடு கட்டுகிறவர்கள் பாதியில் நிறுத்த, அவள் மனுசன் சிவநேசனுக்கு மேசன் வேலை இல்லாமல் போனது. ஆறு பரப்புத் தோட்டம் குத்தகைக்கு எடுத்து வாழ்க்கையில் முதல் தரமாக வெங்காயம் வைத்தார்கள். கிண்டி எடுக்க இன்னும் மூன்று கிழமை. சோளகக் காற்று அடிக்கிறது, நிலம் வெடிக்கிறது. தோட்டத்துக்குக் கறண்ட் லைன் இல்லை. வெங்காயம் கருகினால் அவன் கட்டாருக்குப் போவதென்று நிற்கிறான். பாஸ்போட்டும் எடுத்தாகிவிட்டது.

"மூண்டு நாளைக்குள்ளை ஒரு இறைப்பு இறைக்க வேணும் அண்ணை. இல்லாட்டி அவர் பிளேன் ஏறீடுவார்."

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "பாப்பம்" என்றார். எனக்கு விளங்கியது. அவளுக்கும் முகத்தைப் பார்த்து விளங்கியது. சண்டை பிடிக்கவில்லை. வெறுங்கானை மணியைப்போல ஆட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் பவுசர் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. மத்தியானம் தாண்ட, வரிசையில் அவள் முறை வந்தது. கரியரில் சாக்கு. அவிழ்த்தால், மிசினின் தொட்டி. தொட்டி மட்டும்.

பழைய பச்சைத் தொட்டி. கீழே குழாய் பூட்டுகிற வாயில் பூவரசங் குச்சியைச் சீவி அடைத்திருந்தாள். மூடிக்கு சைக்கிள் ரியூப் வெட்டி வாசர் போட்டிருந்தாள். நான் முதலில் அந்தக் கீழ்வாயைத்தான் பார்த்தேன். ஒழுகாது.

"மிசின் வரமாட்டன் எண்டிட்டுது. தொட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள்.

நான் குழாயைக் கையில் எடுத்தேன். பின்னால் சத்தம் வந்தது.

"நில்லும் யோகு!"

கிளாக்கர் நவரத்தினம். நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலேயே ஸ்கூட்டருக்கு அடித்துவிட்டார். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் மடக்குக் கதிரையில் இருந்து கியூவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அதில் ஒரு பைத்தியம்.

"மிசின் இல்லாத தொட்டி கான்தான். மட்டையிலை என்ன எழுதியிருக்கு? உமக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"எழுதினதே நான்தான் ஐயா."

"அப்ப ஏன் அடிக்கிறீர்? உதுக்கு அடிச்சால் நாளைக்கு ஆரும் தொட்டி எண்டு சொல்லித் தகரத்தைக் கொண்டருவினம்."

கியூ இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் அவர் பக்கம். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. இரண்டு நாளாக நிற்கிறார்கள். ஓட்டோவுக்குள்ளிருந்து காந்தன் தலையை நீட்டினான்.

"கிளாக்கர் ஐயா, படுக்கேக்கை நீங்கள் பல்லைக் கழட்டிக் கிளாசிலை போடுறியள் எல்லோ?"

"அதுக்கென்ன இப்ப?"

"கிளாசுக்குள்ளை கிடக்கேக்கையும் அது உங்கடை பல்லுத்தானே? வாயிலை இல்லாட்டில் அது கல்லோ?"

முழுக் கியூவும் சிரித்தது. கிளாக்கரும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை.

"அது என்ரை வாய்க்கு அளவெடுத்துக் கட்டினது. இந்தத் தொட்டி எந்த மிசினுக்கு அளவெடுத்ததெண்டு ஆருக்குத் தெரியும்? சாட்சி எங்கை?"

அது ஞாயமான கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அந்த வருடம் கண்ணீரோடு வந்து வாங்கி, அடுத்த சந்தியில் விற்றவர்களைக் கண்டிருக்கிறேன். சுகந்தி தொட்டியில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஐயா கந்தோரிலிருந்து வந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார். குனிந்து பூவரசங் குச்சியைப் பார்த்தார். போல்ட்டு ஓட்டைகளில் விரல் விட்டுப் பார்த்தார். அதில் பழைய கிறீஸ் இருந்தது. விரலை மணந்தார். காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்து, லேஞ்சியை நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.

"கொஞ்சம் இருங்கோ" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

"மூண்டு லீற்றர் அடியுங்கோ. யோகு, நீங்கள் தொட்டியோடை போங்கோ. அது மிசினிலை பூட்டுப்பட்டு, மிசின் ஓடினதைக் கண்ணாலை பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ. ஓடாட்டில் பெற்றோலைத் திருப்பிக் கொண்டாங்கோ."

"நானும் போறன். சாட்சி ரண்டு வேணும்" என்றார் கிளாக்கர்.

"ஸ்கூட்டரிலையோ?"

"பெற்றோலை வீணாக்க எனக்கென்ன விசரே? சைக்கிள் தாரும்."

செட்டுச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதை எடுத்தார். சுகந்தி முன்னால், என் சைக்கிளில் நான் நடுவில், கிளாக்கர் பின்னால். எதிர்க்காற்று. சோளகம் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. பெற்றோல் தொட்டிக்குள் களக் களக் என்றது.

உடுவிலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. வேறு ஒழுங்கையில் இறங்கினாள். ஒரு கல்வீட்டின் முன்னால் நிறுத்தி, சைக்கிளைத் தொட்டியோடு உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். கேற்றைச் சாத்தினாள்.

"கண்டீரோ?" என்றார் கிளாக்கர். மூச்சு வாங்கியது அவருக்கு. ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. "நான் சொன்னன்தானே."

ஐயாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

கேற் திறந்தது. கரியரில் தொட்டி இருந்தது. மூடி பூட்டினபடி. அவள் கையில் ஒரு ஸ்பனர்.

"எங்களிட்டைப் பதினாலாம் நம்பர் இல்லை. கழட்ட இஞ்சைதான் இரவல் வாங்கினது. கழட்டினவுடனை கொண்டுவந்து குடுத்திட்டன். திரும்பப் பூட்டவும் வேணுமெண்டு பிறகுதான் யோசிச்சன்" என்றாள். "நாயொண்டு நிக்குது, அதுதான் கேற்றைச் சாத்தினது. நீங்கள் என்ன நினைச்சியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார் கிளாக்கர்.

தோட்டத்துக்குப் போனோம். கிணற்றடியில் மிசின் இருந்தது. தொட்டி இருக்க வேண்டிய இடம் மொட்டையாகக் கிடந்தது. மிசினின் கால்களை நான் பார்த்தேன். சீமெந்துக்குள் முழங்கால்வரை புதைந்திருந்தன. அப்படி ஒரு பூச்சு நான் கோயில் கோபுரத்திலும் கண்டதில்லை. சிவநேசன் கப்பியில் வாளி விட்டு அள்ளிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் காவிப்போய்ப் பாத்திக்கு ஊற்றினாள். வெங்காயத் தாள் நுனியெல்லாம் மஞ்சள். சில பாத்திகள் படுத்துவிட்டன.

கிளாக்கர் குனிந்து தொட்டியை இடத்தில் வைத்துப் பார்த்தார். நாலு ஓட்டையும் நாலு ஓட்டைக்கு நேர்.

"சரி. இதின்ரை பல்லுத்தான்" என்றார்.

பூட்டினோம். குச்சியை எடுத்துக் குழாயை மாட்டினோம். சிவநேசன் கயிற்றைச் சுற்றி இழுத்தான். இல்லை. இரண்டாம் தரம் இருமியது. மூன்றாம், நாலாம் தரமும் இல்லை. அவன் கயிற்றைக் கீழே போட்டான். சுகந்தியைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தான். ஓடாவிட்டால் பெற்றோலைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்ன ஆள் நான். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

"அப்பா, பிளக்கைக் கழட்டித் துடையுங்கோவன். மூண்டு நாள் சும்மா கிடந்தது" என்றாள் மகள்.

துடைத்தான். இழுத்தான். பிடித்தது. புகை அடங்க, குழாயில் தண்ணீர் குபுக்கென்று வந்து வாய்க்காலில் ஓடியது. சுகந்தி மண்வெட்டியோடு வாய்க்கால் திருப்ப ஓடினாள். "அம்மா, படுத்த பாத்திக்கு முதல் விடுங்கோ!" என்று மகள் கத்தினாள். மிசின் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் நாலு பக்கமும் கத்தினார்கள்.

என் வேலை முடிந்தது. போயிருக்கலாம். ஆனால் மூன்று லீற்றர் எவ்வளவு நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். பாத்தியையும் எண்ணிப் பார்த்தேன். பெற்றோல் காணாது, குறையும். காணவுமில்லை. கடைசி ஏழு பாத்தி இருக்க மிசின் நின்றது.

சிவநேசன் திரும்பக் கப்பிக்குப் போனான். நான் செருப்பைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் கிளாக்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்குகிறார்.

"ஐயா, நீங்கள் விடுங்கோ" என்றாள் சுகந்தி.

"வழக்கு முடியேல்லைப் பிள்ளை. தீர்ப்பு வருமட்டும் நான் போகேலாது."

அவர் தூக்கின வாளியில் பாதி அவர் வேட்டியில்தான் ஊற்றுப்பட்டது. மகள் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு பாத்தியும் நனைந்தது.

பொழுது சாய முன்னர் செட்டுக்குத் திரும்பினோம். தாங்கி காலி. கியூ கலைந்துவிட்டது. ஐயா கந்தோர் வாசலில் நின்றார். எங்கள் கால்களைப் பார்த்தார். முழங்கால்வரை செம்மண். கிளாக்கரின் வேட்டியையும் பார்த்தார். மிசின் ஓடினதா என்று அவர் கேட்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொப்பியில் ஒரு வரி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மிசின் பார்வையிடப்பட்டது. திருப்தி.'

மூன்று கிழமைக்குப் பிறகு வெங்காயம் கிண்டினார்கள். வாளியால் ஊற்றின பாத்திகளில் காய் சிறிது. மற்றது நல்ல விளைச்சல். சிவநேசன் கட்டாருக்குப் போகவில்லை. இப்போது மேசன் வேலையும் இருக்கிறது. காலையில் தோட்டம், பிறகு கட்டடம். பாஸ்போட் அலுமாரிக்குள் கிடக்கிறதாம்.

ஆனால் அதற்கு முன்னமே, அடுத்த பவுசர் வந்த நாள் ஒன்று நடந்தது. நான் விடிய செட்டைத் திறக்கப் போகிறேன். கியூவில் பதினேழு தொட்டி நிற்கிறது. மிசின் தொட்டி, மருந்தடிக்கிற மிசினின் தொட்டி, மோட்டார் சைக்கிளின் தொட்டி. ஒருவர் புல்லு வெட்டுகிற மிசினின் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எல்லாத் தொட்டி வாயிலும் பூவரசங் குச்சி. பக்கத்தில் மடக்குக் கதிரையில் கிளாக்கர். இந்தமுறை தன் சொந்தச் சைக்கிளோடு வந்திருந்தார்.

ஐயா வாசலுக்கு வந்தார். ஒரு தரம் முழு வரிசையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யோகு, சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார்.